முதலில் மரம், அப்புறம் ரப்பர்... பெரியமேட்டில் ஒரு டேபிள் டென்னிஸ் பேட் உருவாகும் கதை!

சென்னை சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, ரிப்பன் மாளிகையைக் கடந்து வலது பக்கம் திரும்பினால் பெரியமேடு. தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பகுதி. செருப்பு, பை, பெல்ட் என்று மொத்த வியாபாரம் நடக்கும் தெருக்களுக்கு நடுவே இன்னொரு உலகமும் இருக்கிறது. நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் கடைகள். வாசலில் தொங்கும் கால்பந்து வலைகள், அடுக்கி வைத்த கேரம் போர்டுகள், வெயிலில் பளபளக்கும் கோப்பைகள். பள்ளி பி.டி. மாஸ்டர்கள் கையில் பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்குவார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் டேபிள் டென்னிஸுக்கும் தனிப் பந்தம் உண்டு. பக்கத்திலேயே இருக்கிறது ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம். சென்னைக்காரரான சரத் கமல், 2025 மார்ச்சில் தன் கடைசி சர்வதேசத் தொடரை ஆடி விடைபெற்றது இங்கேதான். 2006-ல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர், 16 ஆண்டுகள் கழித்து 2022-ல் பர்மிங்காமில், 40 வயதில், அதே தங்கத்தை மறுபடி வென்றார். அவருக்குப் பின்னால் சத்யன் வந்தார். அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று சனிக்கிழமை காலைகளில் அப்பா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைகளின் படியேறுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "நல்ல டி.டி. பேட் ஒண்ணு காட்டுங்க."

ஆனால், 'நல்ல பேட்' என்று தனியாக ஒன்று கிடையாது. 'இந்தக் கைக்கு நல்ல பேட்' என்றுதான் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கினால் காசும் போகும், பிள்ளையின் ஆட்டமும் கெடும்.

ஒரு பேட், மூன்று பொருள்

பிளாஸ்டிக் உறையில் தொங்கும் ரெடிமேட் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பந்து எப்படித் துள்ளுகிறது என்று பழக, முதல் சில மாதங்களுக்கு அது போதும். அதைத் தாண்டி, பயிற்சியாளரிடம் ஒழுங்காகக் கற்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கடைக்காரர் காட்டுவது முழு பேட் அல்ல. ஒரு மரத்துண்டும் இரண்டு ரப்பர் ஷீட்டும்தான். மூன்றையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஒட்டி, வெட்டினால்தான் பேட்.

அந்த மரத்துண்டுக்குப் பெயர் பிளேடு. (சவர பிளேடும் அல்ல, நண்பர்கள் போடும் பிளேடும் அல்ல!) சுமார் 16 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், ஐந்தரை முதல் ஏழு மி.மீ. வரை தடிமன். எடை 80 முதல் 95 கிராம். பார்த்தால் ஒரே பலகை மாதிரி இருக்கும். விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் மசால் தோசை மாதிரி அடுக்கு தெரியும். ஐந்து அல்லது ஏழு மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பார்கள். நடு அடுக்குக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் அயூஸ், அல்லது கிழக்கு ஆசியாவின் கிரி. இரண்டுமே எடை குறைந்தவை. மேல் அடுக்குக்கு லிம்பா, கோட்டோ. ஜப்பானின் ஹினோக்கி மரத்தில் அடுக்கே இல்லாமல் ஒற்றைப் பலகையாகச் செய்யும் பிளேடுகளும் உண்டு.

மேல் அடுக்கு மென்மையான லிம்பா என்றால் பந்து ஒரு கணம் பேட்டில் தங்கிப் போகிற உணர்வு கிடைக்கும். கடினமான கோட்டோ என்றால் பட்டவுடன் பறக்கும். நடுவில் கார்பன் இழை சேர்த்தால் வேகம் இன்னும் கூடும். அதற்கும் சட்டம் உண்டு. பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவிகிதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் விதி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், கையில் இருப்பது பெரும்பாலும் மரம்தான்.

பிளேடுகளை வேகத்தை வைத்துப் பிரிப்பார்கள். டிஃபென்சிவ், ஆல்ரவுண்ட், அஃபென்சிவ். கைப்பிடியிலும் வகை உண்டு. கீழே விரிந்திருந்தால் ஃப்ளேர், நேராக இருந்தால் ஸ்ட்ரெய்ட். பிள்ளை எதைப் பிடிக்கும்போது விரல்கள் இறுகாமல் இருக்கின்றனவோ, அதுதான் சரி. இதைக் கடையில் நின்று பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கிடைக்காத வசதி இது.

பம்பாயில் கேட்காத சத்தம்

அடுத்தது ரப்பர். இன்று நாம் பார்க்கும் பஞ்சு வைத்த ரப்பருக்கு ஒரு இந்தியக் கதை இருக்கிறது. 1952-ல் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஆசியாவில், அதுவும் நம் பம்பாயில் நடந்தது. அதுவரை பெரும்பாலானோர் புள்ளி புள்ளியாக முத்து வைத்த மெல்லிய ரப்பரில்தான் ஆடினார்கள். பந்து பட்டால் 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே எதிராளி எவ்வளவு பலமாக அடித்தார் என்று கணித்துவிடுவார்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோ என்ற வீரர் தன் பேட்டில் தடிமனான பஞ்சை ஒட்டி வந்திருந்தார். பந்து பட்டால் சத்தமே இல்லை. ஆனால், திரும்பி வரும் வேகம் யாரும் பார்க்காதது. அதுவரை உலகம் அதிகம் அறியாத சாட்டோ, அந்த முறை ஆண்கள் ஒற்றையர் சாம்பியன். அதன்பிறகு பஞ்சின் தடிமன் பற்றி ஏழாண்டுகள் சண்டை நடந்து, 1959-ல் வரம்பு கட்டினார்கள். இன்றைய விதிப்படி பஞ்சு, ரப்பர், பசை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

கடையில் ரப்பர் உறையில் 1.5, 1.8, 2.0, மேக்ஸ் என்று எழுதியிருப்பது பஞ்சின் தடிமன். பஞ்சு தடிமனாக ஆக ஆக வேகமும் சுழலும் கூடும். பந்து சொன்ன பேச்சைக் கேட்பது குறையும், எடையும் ஏறும். பஞ்சின் கடினத்தை டிகிரியில் போட்டிருப்பார்கள். ஜெர்மனி, ஜப்பான், சீனா மூன்றும் வேறு வேறு அளவுகோலில் அளப்பதால், ஒரு நாட்டு எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உறையில் அச்சிட்டிருக்கும் 'ஸ்பீடு, ஸ்பின், கன்ட்ரோல்' மதிப்பெண்களும் அப்படித்தான். ஒவ்வொரு கம்பெனியும் தன் பரீட்சையில் தானே போட்டுக்கொண்ட மார்க் அது.

"கையில பந்து நிக்கணும் பாப்பா!"

ஒரு சனிக்கிழமை. அரக்கோணத்திலிருந்து அப்பாவும் பதினோரு வயது மகளும் வந்திருக்கிறார்கள். அப்பா பைக் மெக்கானிக். மகள் பள்ளியில் ஒன்றரை வருடமாக ஆடுகிறாள். அடுத்த மாதம் மாவட்ட அளவிலான போட்டி. அப்பாவின் சட்டைப் பையில் மடித்து வைத்த பத்தாயிரம் ரூபாய். மகளின் மொபைலில் உலக சாம்பியன் ஒருவரின் கார்பன் பிளேடு படம்.

"இதே மாதிரி இருக்கா அங்கிள்?"

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "இது பிளேடு மட்டுமே உங்க பட்ஜெட்டைத் தாண்டிடும் பாப்பா. இதே ஸ்டைல்ல வேற கம்பெனி கார்பன் இருக்கு. ரப்பரோட சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு வரும். எடுத்துத் தரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு, மாஸ்டர் என்ன சொன்னாரு?"

அவள் தயங்கிக்கொண்டே நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டுகிறாள். 'ஆல்ரவுண்ட், 5 பிளை, கார்பன் வேண்டாம். இரண்டு பக்கமும் 1.8' என்று எழுதியிருக்கிறது.

"அவர் போன வருஷமே எழுதிக் குடுத்தாருண்ணே. நல்லதா ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டா, அப்புறம் நாலு வருஷத்துக்குப் பிரச்னை இல்லைன்னு நினைச்சேன்" என்கிறார் அப்பா.

கடைக்காரர் உள்ளேயிருந்து ஆடிப் பார்க்க வைத்திருக்கும் இரண்டு பேட்டுகளை எடுத்து வருகிறார். முதலில் கார்பன். "முழங்கை உயரத்துக்கு மேல போகாம தட்டு." அவள் தட்டுகிறாள். பந்து 'டிக் டிக்' என்று கூர்மையாகச் சத்தமிட்டுத் தாவித் தாவி மேலே போகிறது. பதினைந்தைத் தாண்டுவதற்குள் கண்ணாடி அலமாரிக்கு அடியில் உருண்டுவிடுகிறது. அடுத்து ஆல்ரவுண்ட். சத்தம் அடங்கி 'டொக் டொக்' என்கிறது. ஐம்பதைத் தாண்டியும் பந்து கீழே விழவில்லை.

"முதல்ல பந்து உன் கையில நிக்கணும் பாப்பா. அப்புறம்தான் அது பறக்கணும்" என்கிறார். உடனே அப்பாவிடம் திரும்பி, "இது கடையில தட்டிப் பார்க்குறதுதான் சார். டேபிள்ல ஆடுறது வேற. கூடப் படிக்கிற பசங்க பேட்டை வாங்கி ஒரு நாள் ஆடிப் பார்த்துட்டு வந்தாலும் சரிதான்" என்கிறார்.

மகளின் முகம் சுருங்குகிறது. அப்பா அவள் தோளைத் தொட்டு, "என்ன கண்ணு, மாஸ்டர் சொன்னதையே வாங்கிக்கலாமா?" என்கிறார். கொஞ்ச நேரம் இரண்டு பேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சிவப்பு எனக்கு ஃபோர்ஹேண்ட்ல வேணும்" என்கிறாள். அதுதான் அவள் சம்மதம்.

பில் ஏழாயிரத்து நானூறு. பிளேடு 3,600, ரப்பர் இரண்டும் சேர்த்து 3,400, உறை 400. மீதி 2,600 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் சொல்கிறார்: "இதைச் செலவு பண்ணிடாதீங்க சார். பாப்பா தினமும் ஆடினா ஆறு மாசத்துல ஃபோர்ஹேண்ட் ரப்பர் தேய்ஞ்சிடும். அப்போ இந்தக் காசு வேணும்."

அப்பா கணக்கில் விட்டுப்போனது இதுதான். பிளேடு பல வருடம் நிற்கும். ரப்பர் நிற்காது. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் பேட்டில் போட்டுவிட்டால், தேய்ந்த ரப்பரோடு பிள்ளை போட்டிக்குப் போக வேண்டியிருக்கும். விலை உயர்ந்த பிளேடில் தேய்ந்த ரப்பரைவிட, நடுத்தர பிளேடில் புது ரப்பர் நன்றாக ஆடும்.

வேகம் ஏன் பிள்ளையைக் கெடுக்கும்?

தேவைக்கு மேல் வேகமான பேட் கிடைத்தால் பிள்ளைகள் ஒரு காரியம் செய்வார்கள். பந்து மேசையைத் தாண்டிப் போகிறதே என்று கை வீச்சைக் குறைத்துக்கொள்வார்கள். முழு வீச்சில் அடிக்க வேண்டிய இடத்தில் பேட்டை வெறுமனே நீட்டுவார்கள். பாயின்ட் கிடைக்கும், அடி வளராது. இரண்டு வருடம் கழித்து எதிரே பெரிய ஆட்டக்காரர் வரும்போது, அடிக்கக் கையில் ஷாட் இருக்காது. மெதுவான பேட்டில் பந்து போக வேண்டுமென்றால் கால் நகர வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், கை முழுதாக வீச வேண்டும். பயிற்சியாளர்கள் ஆல்ரவுண்ட் என்று எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான்.

பிளேடையும் ரப்பரையும் சேர்ப்பது சமையலில் உப்பும் புளியும் மாதிரி. இரண்டும் தூக்கலாகக் கூடாது. பொதுவாகக் கடைப்பிடிக்கும் முறை இது:

* கற்றுக்கொள்ளும் பிள்ளைகள்: ஐந்து அடுக்கு ஆல்ரவுண்ட் பிளேடு. இரண்டு பக்கமும் மிதமான மென்மையுள்ள, சுழல் எடுக்கிற 1.8 மி.மீ. ரப்பர். ஸ்டிகாவின் ஆல்ரவுண்ட் கிளாசிக், யசாகாவின் ஸ்வீடன் எக்ஸ்ட்ரா போன்றவை இந்த வேலைக்கென்றே பல ஆண்டுகளாகப் பேர்வாங்கியவை. ரப்பரில் 1969-ல் வந்த யசாகா மார்க் ஃபைவ் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

* இரண்டு, மூன்று வருடம் ஆடியவர்கள்: அதே பிளேடில் ஃபோர்ஹேண்டுக்கு மட்டும் 2.0 மி.மீ. ரப்பர். பேக்ஹேண்டில் கொஞ்சம் மென்மையானதே இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்றே தெரியாது.

* அடித்து ஆடுபவர்கள்: விறைப்பான வேக பிளேடுக்கு மென்மையான பஞ்சு. வளைந்து கொடுக்கும் மெதுவான பிளேடுக்குக் கடினமான பஞ்சு. பட்டர்ஃபிளையின் விஸ்காரியா போன்ற கார்பன் பிளேடும், டெனர்ஜி போன்ற ரப்பரும் இந்தக் கட்டத்துக்கு உரியவை. சீனாவின் ஹரிக்கேன் 3 போன்ற பிசுபிசுப்பான கடின ரப்பர், முழு வீச்சு இருக்கிற கைக்குத்தான் பலன் தரும்.

* ஓய்வுக்குப் பிறகு மறுபடி ஆடும் பெரியவர்கள்: முதலில் பார்க்க வேண்டியது எடை. முழு பேட் 170 கிராமை ஒட்டி இருந்தால் தோள்பட்டைக்கு நல்லது. நீங்கள் அந்தக் காலத்தில் ஆடியது 38 மி.மீ. பந்து. 2000-ல் அது 40 மி.மீ. ஆனது, 2014-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சுழல் குறைந்துவிட்டது. பரணில் இருக்கும் பழைய பேட் சரியாக ஆடவில்லை என்றால் குற்றம் உங்கள் கை மேல் மட்டும் இல்லை!

எடை விஷயத்தில் கடையில் ஒரு சின்ன காரியம் செய்யலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் டிஜிட்டல் தராசு இருந்தால், ஒரே மாடல் பிளேடு இரண்டு மூன்றை எடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். மரம் என்பதால் ஒன்றுக்கொன்று சில கிராம் வித்தியாசம் இருக்கும். வெட்டி ஒட்டிய பிறகு ஒவ்வொரு ரப்பரும் 35 முதல் 50 கிராம் சேர்க்கும். சிறு பிள்ளைக்கு லேசான பிளேடே நல்லது.

முத்து ரப்பர் வேண்டுமா?

மணிகா பத்ரா பேக்ஹேண்டில் நீள முத்து ரப்பர் வைத்து, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில், ஆன்டி ஸ்பின் ரப்பரோடு ஆடிய அய்ஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையான சுன் யிங்ஷாவைத் தோற்கடித்தார். அதைப் பார்த்துவிட்டு 'எனக்கும் அது வேணும்' என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. எதிராளியின் சுழலைக் குழப்பும் ரப்பர்கள் இவை. சாதாரண ரப்பரில் அடிப்படை அடிகள் வந்த பிறகு, பயிற்சியாளர் பார்த்துச் சொன்னால் மாறலாம். குறுக்கு வழியாக நினைத்து வாங்கினால் முதலில் குழம்புவது பிள்ளைதான்.

ஒட்டும் நேரம்

பார்க்கச் சுவாரஸ்யமான வேலை இது. தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையை பிளேடிலும் பஞ்சிலும் மெல்லிசாகத் தடவி வைப்பார்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனால் காய்ந்தது என்று அர்த்தம். கைப்பிடிப் பக்கத்திலிருந்து ரப்பரைப் பதித்து, உருளையால் உருட்டி, விளிம்பை ஒட்டி வெட்டுவார்கள். முன்பெல்லாம் வேகம் கூட்டும் ரசாயனப் பசை பயன்படுத்தினார்கள். ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால் 2008-ல் அதைத் தடை செய்துவிட்டார்கள். காயும்வரை அவசரப்படுத்தாமல் எதிரே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ரப்பரின் அடிப்பகுதியில் சர்வதேச சம்மேளனத்தின் சின்னமும் அனுமதி எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத ரப்பர் அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் செல்லாது. அந்தச் சின்னம் கைப்பிடிக்கு மேலே தெரியும்படி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் கட்டாயம் கறுப்பு. மறுபக்கம் சிவப்பு மட்டும்தான் என்ற விதி 2021-ல் தளர்ந்து, இப்போது பச்சை, நீலம், பிங்க், ஊதாவும் ஆகலாம். பேர்பெற்ற பிளேடுகளுக்குப் போலிகள் உலவுவதால், நம்ப முடியாத தள்ளுபடியில் கிடைத்தால் பில்லும் சீல் உடையாத பெட்டியும் கேளுங்கள்.

சென்னை வெயிலும் கடற்காற்றின் ஈரமும் ரப்பருக்கு எதிரிகள். ஆடி முடித்ததும் லேசாக ஈரப்படுத்திய பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி உறையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ ஸ்கூட்டர் டிக்கியிலோ விட்டு வராதீர்கள்.

போகும் முன்...

வெயில் ஏறும் முன் காலையில் போனால் கூட்டம் குறைவு, கடைக்காரரும் நிதானமாகப் பேசுவார். புறநகர் ரயிலிலோ மெட்ரோவிலோ சென்ட்ரலில் இறங்கி, பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் போதும். பிள்ளையைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அளவு தெரிய வேண்டியது அந்தக் கைக்குத்தான். பழைய பேட்டையும் எடுத்துப் போங்கள். ரப்பர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, எந்தப் பக்கம் அதிகம் ஆடுகிறார்கள் என்று பழகிய கடைக்காரர் சொல்லிவிடுவார். பயிற்சியாளர் எழுதிய சீட்டை மறக்க வேண்டாம். கையிலிருக்கும் பணத்தில் கால் பங்கை, அடுத்த ரப்பருக்கென்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள்!